வண்டியில் சென்றாயன் மாமாவின் இடம்

சேலத்தில் ஆடி மாதம் குகை என்கிற எங்கள் பகுதிக்கு வண்டி வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். மேலே கிரீடம் மின்னும், சூலம் இருக்கும், சுற்றிலும் சீரியல் லைட் ஓடும். அதைப் பாருங்கள். பார்த்துவிட்டுக் கண்ணைக் கொஞ்சம் இறக்கி, காலடியில் யார் கிடக்கிறார் என்றும் பாருங்கள். எங்கள் தெரு வண்டியில் பல வருஷமாக அங்கே கிடந்தவர் சென்றாயன் மாமா. குகையைப் பற்றிச் சொல்வதற்குக் கோயிலிலிருந்து ஆரம்பிக்கலாம், கடைவீதியிலிருந்து ஆரம்பிக்கலாம். எனக்கு அவரிடமிருந்து ஆரம்பிப்பதுதான் சுலபம், ஏனென்றால் அவர் எதிர் வீடு.

முதலில் வண்டி வேடிக்கை என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும். மாரியம்மன் பண்டிகையில் ஒவ்வொரு தெருவும் ஒரு வண்டி கட்டும். ஒரு காலத்தில் மாட்டுவண்டி, இப்போது டிராக்டர் டிரெய்லர். அதன்மேல் மேடை போட்டு, தெரு ஆட்களே வேஷம் கட்டி, ஏதாவது ஒரு புராணக் காட்சியாக நிற்பார்கள். வசனம் கிடையாது. ஆடக்கூடாது, பேசக்கூடாது, கொசு கடித்தால் அடிக்கக்கூடாது. ஊர்வலம் முடியும்வரை சிலை மாதிரி இருக்க வேண்டும். கதையை மைக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டு வருவார். நாடகத்தில் நடிகர்கள் நகர்வார்கள், மேடை நிற்கும். இங்கே நடிகர்கள் நிற்பார்கள், மேடை நகரும்.

மற்ற தெருக்கள் வருஷத்துக்கு ஒரு காட்சி யோசிக்கும். எங்கள் தெருவுக்கு எப்போதும் ஒன்றுதான்: அம்மன் மகிஷாசுரனை மிதித்துக்கொண்டு நிற்பது. காரணம் பக்தி மட்டுமில்லை. தம்மம்பட்டியில் சொல்லிச் செய்த மரக்கைகள் அம்மனுக்கு ஆறு, பெருமாளுக்கு இரண்டு எங்களிடம் இருக்கின்றன. நல்ல மரம், நல்ல வேலைப்பாடு. அதைப் பரணில் போட்டுவிட்டு வேறு காட்சி கட்ட யாருக்கும் மனசு வராது.

அம்மன் வேஷம் கலையரசன் அண்ணனுக்கு. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். முகம் அம்மனுக்காகவே அமைந்தது. உடம்பு எடை மட்டும் லாரி டயர் கணக்கு. அம்மனுக்குப் பின்னால் பெருமாள், கோகுல்ராஜ். ஜிம்முக்குப் போகிறவன், நல்ல நிறம், தெருவில் பெண்கள் வந்தால் மட்டும் நிமிர்ந்து நடப்பான். மைக்கில் கண்ணுசாமி பெரியப்பா. அவர் மாங்காய் மண்டியில் ஏலம் கூறுகிறவர் என்பதால் அந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை. வேஷச் சாமான்களுக்கு நசுருல்லா பாய். கிரீடம், கொம்பு, வேல், புலித்தோல் எல்லாம் வாடகைக்குத் தருகிறவர். வண்டி கூடவே நடந்து வந்து, கழன்றதை மாட்டிவிடுவார்.

அம்மன் காலடியில் சென்றாயன் மாமா.

மாமா ஆரம்பத்தில் சாமி வேஷம் கேட்டுத்தான் போனாராம். நசுருல்லா பாய் அவர் மீசையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், உருண்டைக் கண்ணைப் பார்த்தார். "உன் தலைக்குக் கிரீடம் எங்கிட்ட இல்லப்பா, கொம்புதான் இருக்கு" என்றார். அன்று படுத்தவர்தான்.

ஆள் பார்ப்பதற்குத்தான் அப்படி. தெருமுனையில் தட்டுவடை செட்டு வண்டி வைத்திருக்கிறார். சேலத்துக்கு வந்தால் நீங்கள் கட்டாயம் சாப்பிட வேண்டியது அதுதான். சின்னத் தட்டுவடை ஒன்றை வைத்து, அதன்மேல் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரமாக ஒரு சிவப்புச் சட்னி, புளிப்பாக ஒரு பச்சைச் சட்னி, அதற்கு மேல் இன்னொரு தட்டுவடை. இதுதான் செட்டு. எல்லாவற்றையும் நொறுக்கிப் பொரியோடு கலந்தால் நொறுக்கல். குழந்தைகள் வந்தால் மாமா காரத்தைக் குறைத்து, "என்ன சாமி வேணும்" என்பார். கோபம் வந்தால்கூடச் சட்னியைத்தான் வேகமாகக் கலக்குவார்.

அவர் எப்படிப் படுப்பார் என்று சொன்னால்தான் மீதி புரியும். வெறுமனே படுப்பதில்லை. கண்ணை மேலே செருகி, நாக்கை நீட்டி, ஒரு கையை மடக்கி, அம்மன் கால் விழும் இடத்தில் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொள்வார். டிராக்டர் சக்கரம் பள்ளத்தில் இறங்குகிற சத்தம் கேட்டதும் வயிற்றை விடுவார், ஏறும்போது மறுபடி இறுக்குவார். மேலே நிற்கிற கலையரசன் அண்ணனுக்கு ரோடு எப்படியிருக்கிறது என்றே தெரியாது. ஜனங்கள் அம்மனைக் கும்பிடுவார்கள். குழந்தைகள் மட்டும், "அய்யோ, செட்டுக்கடைக்காரரு செத்துப் போயிட்டாரு" என்று கத்தும்.

மாமாவின் மகள் ரஞ்சிதா அக்கா. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஆடி முடிந்து வகுப்புக்குப் போனால், பையன்கள் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். அதிலிருந்து அவளுக்கு அந்த வேஷமே பிடிக்காது.

போன வருஷம் வைகாசியில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பிரபா, மல்லசமுத்திரம். போர்வெல் ரிக் வண்டியில் போகிறவர், வருஷத்தில் பாதி நாள் வடக்கே. அவருடைய அம்மா அங்காளம்மாள் பெண் பார்க்க வந்தார். கூடவே அவருடைய அண்ணன் சென்னியப்பன், பிரபாவுக்குத் தாய்மாமன். அந்த வீட்டில் எதுவும் அவர் தலையசைத்தால்தான் நடக்கும். அவர் அன்று தலையை அசைக்கவில்லை. காப்பியைக்கூட ஆற்றி ஆற்றி, யோசித்து யோசித்துக் குடித்தார்.

"பொண்ணோட அப்பா வேசங் கட்டுவாருன்னு சொன்னாங்களே. என்ன வேசமுங்க?" என்று அவர் ரஞ்சிதா அக்காவிடம் கேட்டார். மாமா அப்போது இனிப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "பெருமாளுங்க" என்றாள்.

"பெருமாளா" என்று அங்காளம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப ஆடிக்கு வந்து ஒரு தரஞ் சேவிச்சுட்டுத்தான் போவோணும்."

சென்னியப்பன், "அதையும் பாத்துட்டே முடிவு பண்ணிக்கலாமுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் மாமா பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தபோது அக்கா போய் நின்றாள்.

"அப்பா, பெருமாள்னு சொல்லிட்டேன்."

"எதை சாமி?"

"உங்களை."

மாமா துருவுவதை நிறுத்தவில்லை. அந்தப் பீட்ரூட் தீர்ந்ததும், "மீசையோடவா?" என்று கேட்டார்.

"எடுத்துடலாம்ப்பா."

அறிவுச்செல்வி அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அடுப்படியிலிருந்து, "கல்யாணத்தன்னிக்குக்கூட அதத் தொட விடல இந்த மனுசன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா மீசை இல்லாமல் வந்து வண்டி போட்டார். பழைய வாடிக்கையாளர் ஒருவர் செட்டு வாங்கிக்கொண்டு, "அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இனி வேஷத்தை மாற்ற வேண்டும். கோகுல்ராஜிடம் கேட்கவே பயந்தார்கள். ஆனால் அவன் உடனே ஒப்புக்கொண்டான். "பெருமாளா நின்னு என்னத்த மாமா கண்டேன். ரீல்ஸ்ல எல்லாம் அசுரனுக்குத்தான் வியூஸ். நானே கேக்கலாம்னு இருந்தேன்" என்றான். கலையரசன் அண்ணன் மட்டும் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவன் மேல நான் கால வெக்கறதா?" என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். பெண் பார்ப்பது, பேசி முடிப்பது, சம்பந்தி என்று வாயால் சொல்வதுகூடக் கூடாது. எல்லாம் ஆவணிக்குத்தான். ஆகவே மல்லசமுத்திரத்துக்காரர்கள் வருவது வெறும் வேடிக்கை பார்க்க. மூன்று பேரும் பெண்ணைப் பார்ப்பார்கள், வீட்டைப் பார்ப்பார்கள், அப்பனைப் பார்ப்பார்கள். ஆனால் பார்க்கிற மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. நாங்களும் பார்க்கப்படுகிற மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது.

அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக்காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் தெருவில் நடந்துகொண்டே இருந்ததால், குகையில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது. அத்தை என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "இலக்கியா, அந்தப் பெரிய மனுசன் யாருகிட்டயும் பேச்சுக் குடுக்காம பாத்துக்க. வாயத் தொறந்தா அசுரன்னு யாராவது சொல்லிடுவாங்க."

பேச்சுக் கொடுக்காமல் இருக்கிற ஆளா அவர்? பஸ்ஸை விட்டு இறங்கியதும் பூக்காரம்மாவிடம் ஆரம்பித்தார். "ஏனுங்க, இங்க சென்றாயன்னு செட்டுக்கடைக்காரரு..."

"ஐயா, முதல்ல ஒரு செட்டு சாப்பிடுங்க" என்று அவரை இழுத்துக்கொண்டு போய், அன்று மாமாவுக்குப் பதிலாக அத்தை நின்ற தட்டுவடை வண்டி முன்னால் நிறுத்தினேன்.

தட்டுவடை செட்டைக் கடித்துச் சாப்பிடக் கூடாது. முழுசாக ஒரே வாயில் போட வேண்டும். கடித்தால் பாதி வாய்க்கும் பாதி சட்டைக்கும் போகும். சென்னியப்பன் கடித்தார். வெள்ளைச் சட்டையில் பீட்ரூட் இறங்கியது. "முழுசாப் போடோணுங்களா, மொதல்லயே சொல்ல மாட்டீங்களா" என்று அடுத்ததை முழுசாகப் போட்டார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. செட்டு வாயில் இருக்கிறவரை ஒரு மனிதனால் கேள்வி கேட்க முடியாது.

அதன்பிறகு அவர் எப்போதெல்லாம் யாரையாவது பார்த்து, "ஏனுங்க" என்று ஆரம்பித்தாரோ, அப்போதெல்லாம் கையில் ஒரு செட்டைக் கொடுத்தேன். டீக்கடைக்காரரிடம் ஒன்று. கோயில் வாசலில் ஒன்று. செருப்பு பார்த்துக்கொள்பவரிடம் ஒரு மாங்காய் செட்டு. வழியில் இருந்த மூன்று வண்டிக்காரர்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிரபா மட்டும் பேசாமல் பின்னால் வந்தார். நான் தனியாக மாட்டியபோது, "எங்க மாமனுக்கு வவுத்தெரிச்சல் இருக்குதுங்க, காரத்தக் கொஞ்சம் கொறச்சே குடுங்க" என்றார். தடுக்கவில்லை.

அங்காளம்மாளுக்கு எல்லாமே பிடித்திருந்தது. ஒவ்வொரு தெரு வண்டி வரும்போதும் செருப்பைக் கழற்றி விட்டுக் கும்பிட்டார். ஒரு வண்டியில் பிள்ளையார் தும்பிக்கைக்குள்ளிருந்து இருமினார். "பாவம், சளி புடிச்சிருக்குது" என்று அதற்கும் கும்பிட்டார்.

ரஞ்சிதா அக்காவும் வந்து சேர்ந்துகொள்ள, நாங்கள் நின்ற இடம் ஒரு திருப்பம். குகையில் வண்டி பார்க்க அதுதான் நல்ல இடம், ஏனென்றால் டிராக்டர் திரும்பும்போது வண்டியின் மூன்று பக்கமும் தெரியும். கஷ்டம் என்னவென்றால், அங்கே ரோட்டைத் தோண்டி மூடியிருந்தார்கள். அதை நான் யோசிக்கவில்லை.

எங்கள் வண்டி வந்தது. கண்ணுசாமி பெரியப்பாவின் குரல் முன்னால் வந்தது, வண்டி பின்னால் வந்தது. நடுவில் எட்டுக் கையோடு கலையரசன் அண்ணன். அவருக்குப் பின்னால், நீல முகத்தில் நாமம், தோளுக்குப் பின்னால் இரண்டு மரக்கையில் சங்கும் சக்கரமும், உதட்டில் ஒரு புன்னகை. எனக்கே ஒரு நிமிஷம் அது மாமா என்று தோன்றவில்லை.

"பெருமாளே" என்றார் அங்காளம்மாள்.

"எங்கப்பாங்க" என்றாள் ரஞ்சிதா அக்கா. அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சென்னியப்பன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "நிக்கறது நல்லாத்தான் நிக்கறாரு" என்றார்.

அதே சமயம் வண்டியின் மேல் நடந்ததை நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம். கோகுல்ராஜ் தன் நெஞ்சு ரீல்ஸில் பளபளக்க வேண்டுமென்று தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தான். ஜிம் நெஞ்சு கல் மாதிரி, அதன்மேல் எண்ணெய், அதன்மேல் செம்பஞ்சுக் குழம்பு பூசிய அம்மன் கால். கலையரசன் அண்ணன் கிளம்பிய இடத்திலிருந்தே உதடு அசையாமல், "டேய் வழுக்குது, டேய் வழுக்குது" என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். போதாததற்கு, கால் நகரும்போதெல்லாம் கோகுல்ராஜுக்குக் கூச்சம். அசுரன் செத்துக்கொண்டே நெளிந்திருக்கிறான்.

டிராக்டர் சக்கரம் மூடிய குழியில் இறங்கியது. அம்மன் கால் வழுக்கியது. எட்டுக் கையும் எட்டுப் பக்கம் போயின. கோகுல்ராஜ் உருண்டு டிரெய்லர் ஓரம் போய், மேளக்காரர்கள் நடுவில் விழுந்தான். அடிபடவில்லை; எழுந்து ஒரு கொம்பைத் தேடினான். அம்மன் முன்பக்கமாகச் சாய்ந்தது. கலையரசன் அண்ணன் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் அவருக்கும் ஆபத்து, கீழே நிற்பவர்களுக்கு அதைவிட ஆபத்து.

பெருமாள் ஓரடி எடுத்து வைத்தார். அம்மன் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினார். பிறகு, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவர் யோசிக்கவே இல்லை. வழக்கமான இடத்தில் வழக்கம்போலப் படுத்தார். வயிற்றை எக்கினார். அம்மன் காலை எடுத்து வைத்துக்கொண்டார். கலையரசன் அண்ணன் முகத்தில் தெரிந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது, படுத்திருப்பது பெருமாள் என்பது மட்டும்தான் பாக்கி. அதுவும் கண்ணை மேலே செருகி, நீல முகத்திலிருந்து சிவப்பு நாக்கை நீட்டிக்கொண்டு.

கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. மேளம் நின்றது. வண்டி ஓரமாக நடந்து வந்த நசுருல்லா பாய் பல்லைக் கடித்துக்கொண்டு, "சென்றாயா, நாக்கு. நாக்க உள்ள இழு. நீ பெருமாளு" என்றார். நாக்கு மெதுவாக உள்ளே போனது.

ரஞ்சிதா அக்கா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்த இடம் சிவந்துவிட்டது. சென்னியப்பன் நெற்றியைச் சுருக்கி, "ஏனுங்க, இது என்ன..." என்று ஆரம்பித்தார். என் கையில் செட்டு தீர்ந்திருந்தது.

மைக்கில் கரகரவென்று ஒரு சத்தம். கண்ணுசாமி பெரியப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் மண்டியில் ஏலம் கூறிப் பழகிய வாய் சும்மா இருக்காது.

"பக்தகோடிப் பெருமக்களே. அசுரன் மாயமா மறைஞ்சு போனான். ஆத்தாளுக்குக் கோவம் தணியல. தூக்கின காலத் தரையில வெச்சா பூமி தாங்காது. யாரு தாங்கறது?" கொஞ்சம் நிறுத்தினார். "ஆத்தா பாதத்த யாரு தாங்கறது? ஒருதரம்." கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "ரெண்டுதரம். கூடப்பொறந்த அண்ணன் பெருமாள் வந்தாரு. தங்கச்சி, தரையில வெக்காதம்மா, எம்மேல வையின்னு படுத்தாரு. மூணுதரம்."

மாமா படுத்தபோது முதுகுக்கடியில் மாட்டிக்கொண்ட மரக்கை ஒன்று, பக்கவாட்டில் நிமிர்ந்து, சங்கோடு அம்மன் கணுக்காலுக்குக் கீழே தாங்குகிற மாதிரி நின்றது. யாரும் யோசித்து வைத்ததில்லை. அதைப் பார்த்ததும் முன்வரிசைப் பெண்கள் ஒரு பாட்டம் குலவையிட்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

அங்காளம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்புறம் சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா அண்ணா. அண்ணன்னா அப்பிடி இருக்கோணும். நம்மூருத் தேருக்குப் போவ, பைக்குல ஏத்திக்கச் சொன்னதுக்கு, பெட்ரோல் இல்லீன்னவன் நீ."

"அன்னிக்கு நெசமாவே இல்லியே அங்காளு" என்றார் சென்னியப்பன். குரல் இறங்கியிருந்தது.

ஊர்வலம் முடிந்து எல்லாரும் மாமா வீட்டுக்கு வந்தார்கள். மாமா குளித்துவிட்டு வந்தார். முகம் சுத்தமாகிவிட்டது, காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் நீலம் போகவில்லை. அத்தை இட்லி வைத்தார். யாரும் எதைப் பற்றியும் பேசக்கூடாது என்பதால், மழையைப் பற்றிப் பேசினார்கள். மழையும் இல்லை, பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

அங்காளம்மாள்தான் கேட்டார். "ஏனுங்க, எல்லாம் சரி. பெருமாளு நாக்க நீட்டினாரே, அது எந்தப் புராணத்துல வருதுங்க?"

மாமா இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். அத்தை என்னைப் பார்த்தார். நான் செட்டு இருக்கிறதா என்று பார்த்தேன்.

ரஞ்சிதா அக்கா சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "புராணம் இல்லீங்க. அது அசுரன் நாக்கு. எங்கப்பா பெருமாள் இல்ல. வருஷா வருஷம் கீழ கெடக்கறது அவருதான். எனக்குச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு, மாத்திச் சொல்லிட்டேன். எனக்காக மீசைய எடுத்துட்டாரு." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை.

பிரபா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்காளம்மாள் அண்ணனைப் பார்த்தார். எல்லாரும் சென்னியப்பனைத்தான் பார்த்தோம். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இத்தன வருசமுமா?" என்று மாமாவைக் கேட்டார்.

"ஆமாங்க."

"அந்த ஆளு அத்தன கனம். வலிக்காதுங்களா?"

"மூச்ச வெளிய உட்டுட்டு வவுத்த எக்கிக்கோணுங்க" என்றார் மாமா. தெரிந்த விஷயம் வந்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. "பள்ளம் வந்தா லேசா உடோணும், மேடு வந்தா இறுக்கோணும். மேல நிக்கறவன் ஆடக்கூடாதில்லீங்களா."

"ரிக்கு வண்டியில ஜாக்கி போட்டு நிறுத்தற மாதிரி."

"அதேதானுங்க."

சென்னியப்பன் தாடையைத் தடவினார். "எங்க, ஒரு தரம் படுங்க பாப்போம்."

மாமா உடனே கூடத்தில் பாயில் படுத்தார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டி, "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றபடி காலை லேசாக வைத்தார்.

"நல்லா மிதிங்க, ஒண்ணும் ஆவாது."

அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு முழுசாகவே ஏறி நின்றார். முகம் மலர்ந்தது. "அட, மெத்தையாட்டம் இருக்குதுங்களே சம்பந்தி."

அத்தையின் கை தலையிலேயே நின்றுவிட்டது.

"அண்ணா" என்றார் அங்காளம்மாள். "ஆடி."

சென்னியப்பன் காலை எடுக்கவும் தெரியாமல் வைக்கவும் தெரியாமல் நின்றார். "நான் என்ன சொன்னேன்? ஒண்ணுஞ் சொல்லலையே. மெத்தைன்னு சொன்னேன்." பிரபா தண்ணீர் குடிக்கிற மாதிரி சொம்பை முகத்தில் வைத்துக்கொண்டார், ஆனால் சொம்பு குலுங்கியது. ரஞ்சிதா அக்கா சட்னி எடுக்க உள்ளே போனாள். கிண்ணம் இங்கேயே இருந்தது.

கீழே கிடந்த மாமா மட்டும், "கேக்கலீங்க, எனக்குக் காதுல சாயம்" என்றார்.

ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே முறைப்படி வந்து பேசினார்கள். ஐப்பசியில் கல்யாணம். மாமாவுக்கு அதற்குள் பாதி மீசை வளர்ந்திருந்தது. போட்டோவில் அவர் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பார்.

இந்த வருஷம் ஆனியில் தெருக் கூட்டம் போட்டார்கள். வேறு இரண்டு தெருக்கள் அண்ணன் பெருமாள் காட்சியைக் கட்டப் போவதாகச் செய்தி வந்திருந்ததால், அது எங்களுடையது என்று முந்திக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது அதற்கு ஒரு பாட்டுக்கூட இருக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் பாடுகிறார்கள். அது எந்தப் புராணம் என்று கேட்டால் கண்ணுசாமி பெரியப்பா, "பழசுங்க" என்கிறார். கலையரசன் அண்ணன், "சென்றாயன் இல்லாம நான் ஏற மாட்டேன்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஆகவே மாமாவுக்கு இனிமேல் பெருமாள் வேஷம் நிரந்தரம், கிடக்கிற இடமும் நிரந்தரம். "நிக்கற மாதிரி ஒண்ணும் இல்லீங்களா?" என்று அவர் கேட்டார். நசுருல்லா பாய் அவர் வயிற்றுச் சுற்றளவை எடுத்துக்கொண்டிருந்தார்.

கோகுல்ராஜ் அசுரனாக மாட்டேன் என்றுவிட்டான். உருண்டு விழுந்த ரீல்ஸுக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகமான வியூஸ். அதை இன்னமும் அவனால் பார்க்க முடியவில்லை. ஆனால் அம்மனுக்கு எதிரே, மாயமாக மறைவதற்கு முன்னால் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி ஒரு அசுரன் வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். ஆள் தேடிக்கொண்டிருந்தபோது மல்லசமுத்திரத்திலிருந்து மாமாவுக்குப் போன் வந்தது. மாமா கையெல்லாம் சட்னி, ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்பந்தி, நாந்தானுங்க சென்னியப்பன்" என்றது போன். "ஆளு தேடறீங்கன்னு ரஞ்சிதா சொல்லுச்சு. நான் வேணும்னா ஒரு ஓரமா இருந்துக்கட்டுங்களா?"

மாமா பீட்ரூட்டை வைத்துவிட்டு, இந்தத் தொழிலில் அனுபவமுள்ள ஆளாக, நிதானமாகக் கேட்டார். "கொம்பு கனமா இருக்குமுங்க. ஒருவேள அம்மன் கால் தவறி உங்க மேல வந்துருச்சுன்னா? மிதி தாங்குவீங்களா?"

அந்தப் பக்கம் போன் கைமாறியது. பிறகு அங்காளம்மாளின் குரல் கேட்டது.

"நீங்க ஒண்ணுங் கவலப்படாதீங்க. ஆடி வரைக்கும் ஊட்டுல தெனமும் படுக்க வெச்சு, நான் மிதிச்சுப் பாத்தே அனுப்பறேன்."